அரிவாள் அணுவும் கண்ணின் ஓரமும்

சிக்கிள் செல் நோய் என்றால் ரத்தசோகை, தாங்க முடியாத எலும்பு வலி என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். அது சத்தமில்லாமல் கண்ணையும் கெடுக்கும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஏன் என்று கேட்டால் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கணும்.

1910-ல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த ஒரு மாணவரின் ரத்தத்தில் அரிவாள் போல வளைந்த சிவப்பணுக்கள் இருப்பதைப் பதிவு செய்தார். ரொம்ப காலம் இது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே நினைத்தார்கள். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நம்ம நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் இந்த அணுவைக் கண்டறிந்தார்கள். அதே ஆண்டு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் தெரியவந்தது.

காரணம் 1950-களின் பிற்பகுதியில் பிடிபட்டது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவது மட்டும் மாறியிருக்கிறது. என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரே ஒரு எழுத்தில் வந்த பக். ஆக்சிஜன் குறைந்தால் அணு விறைத்து வளைந்து, மெல்லிய ரத்தக்குழாய்களை அடைக்கிறது.

விழித்திரையின் ஓரத்தில் இருப்பவை அப்படிப்பட்ட மெல்லிய குழாய்கள். 1971-ல் மார்ட்டன் கோல்ட்பர்க் இந்தப் பாதிப்பை ஐந்து படிகளாகப் பிரித்தார். முதலில் ஓரக் குழாய்கள் அடைபடும். அடுத்து தமனியும் சிரையும் குறுக்கே இணையும். மூன்றாவதாக, கடல்விசிறி வடிவில் புதிய குழாய்கள் முளைக்கும். நான்காவது, கண்ணுக்குள் ரத்தக்கசிவு. ஐந்தாவது, விழித்திரை பிரிதல். முதல் மூன்று படிகளில் பார்வை பொதுவாக நன்றாகவே இருக்கும். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிடலாம். சிக்கலே அங்கேதான்.

"நம்ம ஊர் வகை லேசானதுதானே" என்று கேட்கலாம். இந்தியாவில் காணப்படும் வகையில் கரு ஹீமோகுளோபின் அதிகம் என்பதால் பலருக்கு நோய் கடுமை குறைவு என்பது உண்மை. ஆனால் ரத்தத்தில் லேசாக இருந்தால் கண்ணிலும் லேசாக இருக்கும் என்று கணக்குப் போட முடியாது. எஸ்-சி என்ற வகையில் ரத்தசோகை குறைவு, கண் பாதிப்போ அதிகம். இந்திய நோயாளிகளிடமும் விழித்திரைப் பாதிப்பு பதிவாகியிருக்கிறது.

என்ன செய்யலாம்? நோய் உள்ள குழந்தைக்குப் பத்து வயதிலிருந்து, ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கொரு முறை, சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கணும். கடல்விசிறிகள் சில தானாகவே சுருங்கிவிடும். தேவைப்பட்டால் லேசர் சிகிச்சை இருக்கிறது. பந்தோ குச்சியோ பட்டுக் கண்ணின் முன்பகுதியில் ரத்தம் தேங்கினால் உடனே ஓடணும். ஒரு மரபணு மட்டும் உள்ளவர்களுக்கும் இது ஆபத்து, கண் அழுத்தம் சட்டென்று ஏறும். சிக்கிள் இருப்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லணும். வழக்கமாக அழுத்தம் குறைக்கத் தரும் மருந்துகளில் சில இவர்களுக்கு ஆகாது.

2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசியத் திட்டம், 2047-க்குள் இந்நோயை ஒழிப்பதை இலக்காகக் கொண்டது. 17 மாநிலங்களில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேருக்கு ரத்தப் பரிசோதனை. அதில் தமிழ்நாடும் உண்டு. நல்ல விஷயம். ஆனால் திட்டம் தொடங்கியபோது பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு 2047-ல் முப்பத்து நாலு வயது. அதுவரை அந்தக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கணும். எங்க தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, வத்தல்மலை போன்ற ஊர்களிலிருந்து ஒரு கண் பரிசோதனைக்கு மலையிறங்கி வருவது என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். கண்ணு நல்லாத்தானே தெரியுது என்கிற குடும்பத்தை அதற்காக இறங்கி வரச் சொல்வது சுலபமில்லை. ரத்த முடிவைக் கையில் கொடுக்கும் அன்றைக்கே, கண் பார்க்க வேண்டிய தேதியையும் எழுதிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.