ரோபோ

செக் மொழியின் 'ரொபோத்தா'விலிருந்து வந்த சொல். பண்ணையடிமைகள் நிலக்கிழாருக்குக் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்புக்கு அதுதான் பெயர். செக் பகுதிகளில் அந்த வழக்கம் 1848-இல்தான் ஒழிந்தது. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' கிட்டத்தட்ட இதே பொருள் தரும்.

செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தை எழுதும்போது அதில் வரும் செயற்கைத் தொழிலாளிகளுக்குப் பெயர் தேடினார். 'லாபோரி' என்று முதலில் யோசித்தார்; ஏட்டுத்தனமாகப் பட்டது. தூரிகையை வாயில் கவ்வியபடி ஓவியம் தீட்டிக்கொண்டிருந்த அண்ணன் யோசெப், 'ரோபோட்' என்று முணுமுணுத்தார். அது நிலைத்துவிட்டது. நாடகத்தில் அவை இரும்பால் ஆனவை அல்ல, ரசாயனக் கூழில் உருவானவை. அவை உழைக்க, மனிதருக்கு வேலையே இல்லாமல் போகிறது.

நாடகத்துக்கு வெளியே, நிஜத்தில், 1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 'யூனிமேட்' என்ற இயந்திரக் கை வேலைக்கு வந்தது. அச்சிலிருந்து தகிக்கும் உலோக வார்ப்புகளை எடுத்து வைப்பது அதன் பணி. புகையும் சூடும் ஆளைத் தின்னும் வேலை. அது மனிதர் கையைவிட்டுப் போனது நல்லதே. அதோடு போகும் கூலியை யார் ஈடுகட்டுவது என்பதுதான் என் கவலை.