கெளுத்தி முள்ளும் ஹேவர்ட் பிளவும்

அன்றைக்குத் தொட்டியில் மீனே இல்லை. உப்புத் தண்ணீர், கொஞ்சம் பாறை, ஓடிக்கொண்டிருந்த ஒரு பம்ப், அவ்வளவுதான். புதுத் தொட்டியில் நல்ல பாக்டீரியா குடியேறி, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைக் கையாளத் தயாராவதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்தக் காத்திருப்பில் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலை யாரோ பிடித்து உலுக்கியதுபோல் இருந்தது. ஐந்து விநாடிகூட இருக்காது. நான் மனைவியிடம் "ஒண்ணுமில்ல, தூங்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து அறையிலிருந்து சின்னக் கால்கள் ஓடும் சத்தம் கேட்டது. எழுந்துபோய்க் கூடத்தில் விளக்கைப் போட்டேன். தரையில் ஒரு சொம்புத் தண்ணீர் சிந்திக் கிடந்தது. அதன் நடுவில் வெறுங்காலோடு நின்றிருந்தாள் ஐந்து வயது மகள்.

"மீனு கீழ விழுந்திருந்தா நானே எடுத்து உள்ள போட்டிருப்பேன்பா" என்றாள்.

அந்தத் தொட்டியை நான் வாங்கியிருந்தது லயன்ஃபிஷ் வளர்ப்பதற்காக.

பார்த்திருப்பீர்கள். உடம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாக வரி, இறக்கைபோல விரிந்த துடுப்புகள், அவசரமே இல்லாத நீச்சல். முதுகில் 13, வயிற்றுப் பக்கம் 2, அடியில் 3 என்று மொத்தம் 18 விஷ முட்கள். அது யாரையும் துரத்திக் குத்தாது. நாம் போய்த் தொட்டால்தான் குத்து. ஆனால் குத்தினால் வலி உயிர் போகும். முதலுதவி ஒன்றுதான்: தோல் வெந்துவிடாத அளவுக்குச் சுடுதண்ணீர், சுமார் 45 டிகிரி செல்சியஸ், அதில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை கையை வைத்திருக்க வேண்டும். அந்த விஷம் புரதத்தால் ஆனது, சூட்டில் குலைந்துவிடும். அதன்பிறகு டாக்டர்.

இதை நான் முதலில் தெரிந்துகொண்டது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாகப்பட்டினத்துப் பக்கம், எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அம்மா ஆய வைத்திருந்த கோடு போட்ட கடல் கெளுத்தியை விளையாட்டாகத் தூக்கினேன். செத்த மீன்தான், ஆனாலும் முள்ளில் விஷம் இருந்தது. நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அம்மா பதறாமல் அடுப்பில் இருந்த வெந்நீரை விளாவி, "கைய இதுல வைடா, எடுத்தே கொன்னுடுவேன்" என்றாள். கொஞ்ச நேரத்தில் கடுப்பு இறங்கியது.

அதே அம்மா போன வருடம் கலிஃபோர்னியாவுக்கு வந்து காலித் தொட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "வீட்டுக்குள்ள விஷ மீனாடா? பூமி ஆடுற ஊர்லயா?"

நாங்கள் இருப்பது ஃப்ரீமான்ட். ஊருக்கு நடுவே, பூங்காவையும் தெருக்களையும் வெட்டிக்கொண்டு, ஹேவர்ட் பிளவு போகிறது. வருடத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வீதம் அது நகர்ந்துகொண்டே இருப்பதால், சில இடங்களில் நடைபாதை ஓரக் கற்களே விலகி நிற்கின்றன. 1868 அக்டோபர் 21 அன்று இந்தப் பிளவு பெரிதாக அதிர்ந்தபோது சுமார் 30 பேர் இறந்தார்கள். 2014-இலிருந்து 30 ஆண்டுகளுக்குள் வளைகுடாப் பகுதியில் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட நிலநடுக்கம் வர 72 சதவீத வாய்ப்பு என்பது அமெரிக்க நிலவியல் துறையின் கணக்கு. சாஃப்ட்வேர்காரனிடம் இந்த எண்ணைச் சொல்லிவிட்டு டிப்ளாய் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டான். வீடு மட்டும் வாங்கிவிடுவான்.

தொட்டிக்கும் கணக்குப் போட்டேன். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், சுமார் 450 லிட்டர். தண்ணீரே 450 கிலோ. கண்ணாடி, பாறை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் ஒரு சின்னக் கார் பாதி வீட்டுக்குள் நிற்பதுபோல. தண்ணீருக்கு ஓர் ஊஞ்சல் தாளம் உண்டு. இந்த நீளத்துக்கு ஒரு முறை அந்தப் பக்கம் போய்த் திரும்ப சுமார் 1.3 விநாடி. பூமி அதே தாளத்தில் ஆடினால் அலை ஏறிக்கொண்டே போகும். ஸ்டாண்டைச் சுவரின் மரச்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குவது, விளிம்பிலிருந்து ஒரு சாண் குறைத்து நிரப்புவது, பூட்டும் மூடி, வயர் வழியாகத் தண்ணீர் பிளக்கில் இறங்காதபடி வளைத்து விடுவது என்று பட்டியல் எழுதினேன். எல்லாமே அந்த ஒரு நிமிட ஆட்டத்துக்கான ஏற்பாடுகள். சரித்திரம் படிக்க ஆரம்பித்தபோதுதான், நான் தவறான நிமிடத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

மீன் தொட்டி என்ற யோசனையே 1850-களின் லண்டன் சமாச்சாரம். ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், செடியும் மீனும் நத்தையும் சரியான அளவில் இருந்தால் ஒன்றை ஒன்று காப்பாற்றிக்கொள்ளும், தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்று காட்டினார். 1853-இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தது. அடுத்த வருடம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் வந்து, வரவேற்பறைகளில் தொட்டி வைப்பது ஒரு பித்தாகவே ஆனது. கண்ணாடிக்குள் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் ஒரு குட்டி உலகம் என்பதுதான் அன்றைய கனவு. இன்றைய கடல்மீன் தொட்டி அந்தக் கனவுக்கு நேர் எதிர். பம்ப், ஹீட்டர், ஃபில்டர் எல்லாம் ஒரு பிளக்கில் தொங்குகின்றன. பிளக்கைப் பிடுங்கினால் உலகம் முடிந்தது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் இவாகி நகரில், அக்வாமரைன் ஃபுகுஷிமா காட்சியகத்தில் இதுதான் நடந்தது. 9.0 அளவு நிலநடுக்கம், பின்னாலேயே சுனாமி. கட்டடம் நின்றது. பிரதானத் தொட்டியும் தாங்கியது. ஆனால் மின்சாரம் போனது, தண்ணீரைச் சுத்தப்படுத்தும் இயந்திரங்கள் நின்றன. அடுத்தடுத்த நாட்களில் சுமார் 2 லட்சம் உயிர்கள் செத்துப்போயின. அந்த ஜூலையில் அவர்கள் மறுபடி திறந்தார்கள் என்பதைப் படித்தபோது, தினமும் தீனி போட்ட கைகளே செத்த மீன்களையும் அள்ளியிருக்கும் என்று தோன்றியது.

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் 1906-இல் இதே கதைதான். ஏப்ரல் 18 காலை 5.12-க்கு வந்த அதிர்வு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. நகரத்தின் பெரும்பகுதியை அழித்தது அதற்குப் பிறகு மூன்று நாள் எரிந்த தீ. தண்ணீர்க் குழாய்கள் உடைந்துபோயிருந்ததால் அணைக்க வழியில்லை. சுமார் 28,000 கட்டடங்கள் போயின, இறந்தவர்கள் 3,000 பேர் வரை இருக்கலாம்.

அந்தக் காலையில் மார்க்கெட் தெருவில் இருந்த கலிஃபோர்னியா அறிவியல் அகாடமிக்கு ஓடிவந்தார் அதன் தாவரவியலாளர் ஆலிஸ் ஈஸ்ட்வுட். வயது 47. படிக்கட்டு இடிந்து கிடந்தது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஆறாவது மாடி வரைக்கும் ஏறினார். தீ நெருங்கிவருவதற்குள் 1,497 மாதிரிகளைக் கட்டிக் கயிற்றில் இறக்கினார். இதைத் துணிச்சல் கதையாகத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. ஒரு செடி இனத்துக்குப் பெயர் வைக்க அடிப்படையாக இருந்த மூல மாதிரிகளை அவர் பல வருடங்களுக்கு முன்பே, அன்றைய வழக்கத்துக்கு மாறாக, தனியாகப் பிரித்து வைத்திருந்தார். அதனால்தான் அந்தப் பதற்றத்தில் எதை எடுப்பது என்று அவர் தேடவே வேண்டியிருக்கவில்லை. மற்ற செடிகளோடு அடுக்கியிருந்தால் எல்லாம் சேர்ந்து சாம்பல். எதைக் காப்பாற்றுவது, எதை விட்டுவிடுவது என்ற முடிவை அவர் நிதானமான ஒரு நாளிலேயே எடுத்துவிட்டார்.

அகாடமி பிறகு கோல்டன் கேட் பூங்காவுக்கு மாறியது. 1923-இல் அங்கே ஸ்டெய்ன்ஹார்ட் மீன் காட்சியகமும் திறந்தது. நான் முதன்முதலாக லயன்ஃபிஷ்ஷில் மயங்கி நின்றது அதன் இன்றைய கட்டடத்தில்தான். பழைய கட்டடங்கள் 1989 லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தில் சேதமடைந்தன, புதியது 2008-இல் வந்தது.

இந்த மீனுக்கும் பேரழிவுக்கும் ஏற்கெனவே ஒரு பழைய கதை உண்டு. அது நடந்த இடம் நாட்டின் மறுமுனை, ஃப்ளோரிடா. 1992-இல் ஆண்ட்ரூ சூறாவளி ஒரு வீட்டுத் தொட்டியை உடைக்க, ஆறு லயன்ஃபிஷ்கள் பிஸ்கேன் விரிகுடாவுக்குள் போனதாகவும், அட்லாண்டிக் முழுக்கப் பரவியது அவற்றின் வாரிசுகள்தான் என்றும் வருடக்கணக்கில் எழுதினார்கள். ஆனால் 1985-இலேயே அங்கே டானியா கடற்கரைக்கு அப்பால் அந்த மீன் தென்பட்டிருந்தது. ஆறு மீன் கதையை எழுதிய ஆய்வாளரே பிற்பாடு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அலுத்துப்போன யாரோ கடலில் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும் என்பதுதான் இன்றைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். இயற்கை மேல் பழியைப் போட நமக்கு ஒரு புயல் போதும். பூகம்பம் கிடைத்தால் கேட்கவே வேண்டாம்.

பட்டியலைத் திரும்ப எழுதினேன். ஆட்டம் நின்ற பிறகு என்ன? கரண்ட் இருக்காது. கேஸ் வால்வை நானே மூடியிருப்பேன். எங்கள் வீட்டில் இருப்பது குழாயைத் திறந்தால் மட்டும் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர், கேஸும் கரண்டும் இல்லாவிட்டால் அதில் பச்சைத் தண்ணீர்தான் வரும். ஆம்புலன்ஸ் வர எத்தனை மணி நேரமோ. இருட்டு, கண்ணாடித் துண்டுகள், ஈரத் தரையில் துடிக்கும் 18 முட்கள். அதைக் காப்பாற்ற ஓடிவரும் ஐந்து வயசு. இந்த வரிக்கு நேரே எழுத என்னிடம் போல்ட் எதுவும் இல்லை. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வாங்கலாம், ஃப்ளாஸ்க்கில் தினமும் வெந்நீர் ஊற்றி வைக்கலாம். அவளுடைய இரக்கத்தை எதனால் பூட்டி வைப்பது?

லயன்ஃபிஷ் வாங்கவில்லை. இப்போது அந்தத் தொட்டியில் இரண்டு க்ளவுன் மீன்கள் இருக்கின்றன. மகள்தான் தீனி போடுகிறாள். ஸ்டாண்ட் சுவரோடு இறுகியிருக்கிறது, ஏர் பம்ப் தயாராக இருக்கிறது. அவள் கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி ஷூவும் டார்ச்சும் வைத்திருக்கிறோம். ராத்திரி ஆடினால் முதலில் ஷூ, அப்புறம் அப்பாவைக் கூப்பிடணும், மீனைப் பார்க்கப் போறது கடைசியில. மாதம் ஒருதரம் ஒத்திகை பார்க்கிறோம். போன தடவை ஷூவைப் போட்டுக்கொண்டு நேராகத் தொட்டியிடம்தான் ஓடினாள்.

வீடியோ காலில் அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள். "உன்ன மாதிரிதாண்டா. சொன்னா கேக்காது." பிறகு கேட்டாள், "வெந்நீர் ஃப்ளாஸ்க்கு வச்சிருக்கியா?"

விஷ மீன்தான் இல்லையே என்றேன்.

"இருந்தாலும் வை" என்றாள்.