பதினோராண்டில் மூன்று மாறுதல்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு சங்கத்துச் செயலாளர் அன்புடன் பணித்தார். நாம் புலவரல்லோம், பள்ளியிறுதி வகுப்போடு பாடப்புத்தகத்தைக் கட்டிவைத்துவிட்டுப் பேரேட்டைக் கையில் எடுத்த ரயில்வே குமாஸ்தா. ஆதலால் நாம் அறிந்த இருப்புப் பாதையைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

இக்காலத்துக் காரியாலயங்களில் மாறுதலுக்கு ஓய்வேயில்லை. பேரேடு போய்க் கணினி வந்தது. ஒரு முறை கைவரப்பெறுமுன் மறுமுறை வந்து நிற்கிறது. இதனால் மனம் சோர்வடையும் அன்பர்களுக்கு, நமது கரக்பூரின் பழங்கதை ஒன்று ஆறுதலாக அமையும்.

இவ்வூர் பெங்கால் நாகபுரி ரயில்வேயால் வளர்ந்த ஊர். 1944 அக்டோபர் 1-இல் அந்த ரயில்வே கம்பெனியாரிடமிருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1952 ஏப்ரல் 14-இல் அது கிழக்கு ரயில்வேயில் இணைந்தது. 1955 ஆகஸ்ட் 1-இல் அதனின்றும் தென்கிழக்கு ரயில்வே பிரிந்தது. ஒரே மேசைமுன் அமர்ந்திருந்த சிப்பந்தி, பதினோராண்டுக்குள் மூன்று மாறுதல்களைக் கண்டார்!

இவை ஏன் நேர்ந்தன? நாடு விடுதலை பெற்றபோது 42 ரயில்வே அமைப்புகள் இருந்தன. அவற்றுள் 32 சுதேச சமஸ்தானங்களுக்கு உரியவை. பல நிர்வாகங்கள், பல கணக்குகள். இவற்றை ஒருங்கிணைக்கும் பொறுப்பு நம் தமிழர் இருவரிடம் வந்தது. ஒருவர் ரயில்வே அமைச்சர் என். கோபாலஸ்வாமி ஐயங்கார், மற்றவர் இராஜாங்க அமைச்சர் கே. சந்தானம். இணைப்பைச் சில ஆண்டுகள் ஒத்திவைப்பதே நலம் என்று குன்ஸ்ரு குழுவினர் முன்னரே கருத்துரைத்திருந்தனர். எனினும் இவர்கள் தயங்கி நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓடவுமில்லை. 1950-இல் திட்டத்தை மாகாண அரசாங்கங்களுக்கும், வர்த்தக சபைகளுக்கும், தொழிலாளர் அமைப்புகளுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டனர். பின்னரே, 1951 ஏப்ரல் 14-இல் தென்னக ரயில்வேயும், அவ்வாண்டு நவம்பரில் மத்திய, மேற்கு ரயில்வேக்களும், மறு ஆண்டில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ரயில்வேக்களும் படிப்படியாகத் தோன்றின.

மேலிடத்தில் இவ்வாறெனில் கீழிடத்தில் எவ்வாறு? அப்போது இவ்வூரில் குமாஸ்தாவாயிருந்த நம் பாட்டனார் கூறியதை எந்தையார் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். உத்தரவு வருமுன் வதந்தி வந்துவிடுமாம். “மூப்பு வரிசை குலைந்துவிடும், குடும்பத்தோடு எங்கேயோ தூக்கியடிப்பார்கள்” என்று குவார்ட்டர்ஸ் தோறும் கலக்கமாம். அந்நாளில் ஒரு தலைமைக் குமாஸ்தா, மாலைதோறும் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சுற்றறிக்கைகளை ஆங்கிலம் அறியாதாருக்குத் தமிழிலும் தெலுங்கிலும் விளக்குவாராம். தெரியாததைக் கேட்டால், “நாளை விசாரித்துச் சொல்கிறேன்” என்பாராம். மறுநாள் தவறாமல் சொல்வாராம். “அவர் திண்ணையில் விளக்கு எரிந்தவரை எங்களுக்கு அச்சமில்லை” என்பது பாட்டனாரின் வாக்கு. தலைமை என்பது பெரிய நாற்காலியில் மட்டுமா இருக்கிறது?

புதிய கிழக்கு ரயில்வேயின் சுமை நாளடைவில் மிகுந்தது. ஐந்தாண்டுத் திட்டங்களால் நிலக்கரி, இரும்புப் போக்குவரத்து பெருகிற்று. மூன்றே ஆண்டுகளில், லால் பகதூர் சாஸ்திரியார் அமைச்சராயிருந்தபோது, பழைய பெங்கால் நாகபுரிப் பாதைகளில் பெரும்பகுதி தனி ரயில்வேயாக்கப்பெற்றது. “நேற்றுச் சேர்த்ததை இன்று பிரிப்பதா?” என்று மேலிடத்தார் நாணவில்லை. அனுபவம் காட்டிய திருத்தத்தை ஏற்பதும் ஆண்மையே.

அடுத்து, 1957 ஏப்ரல் 1-இல் தசம நாணயம் வந்தது. பதினாறணா ரூபாய் நூறு நயாபைசாவாயிற்று. ஓரணா ஆறேகால் பைசா. டிக்கெட் ஜன்னலில் அமர்ந்தவர் பாட்டை எண்ணிப் பாருங்கள்! ஆயினும் பழங்காசு உடனே செல்லாதாகவில்லை. சில காலம் இரண்டும் சேர்ந்தே புழங்கின. புதுக் காசின்மீதே, அது ரூபாயின் நூற்றில் ஒரு பங்கு என இந்தியில் பொறித்திருந்தனர். மக்கள் பழகிய பின், 1964-இல், ‘நயா’ என்ற சொல்லை நீக்கினர். காசே ஆசானாக நின்று கற்பித்தது எனலாம்.

இவற்றால் நாம் அறிவது யாது? மாறுதலின் காரணத்தை முன்கூட்டியே உரைத்தல் வேண்டும். பழகுவதற்கு அவகாசம் அளித்தல் வேண்டும். பிழைபடின் திருத்திக்கொள்ளல் வேண்டும். இம்மூன்றும் இருப்பின் எம்மாறுதலையும் சிப்பந்திகள் தோள்கொடுத்துத் தாங்குவர். இவை இல்லையேல் நல்ல மாறுதலும் தண்டனையாகவே தோன்றும்.

நம் சங்கத்திலும் பொறுப்புகள் முதியோரிடமிருந்து இளைஞர் கைக்கு மாறும் காலம் இது. முதியோர் சாவியை மட்டுமன்றிக் காரணங்களையும் ஒப்படைப்பாராக. இளைஞர் புதுமையைப் புகுத்துமுன் திண்ணையில் அமர்ந்து நாலு வார்த்தை பேசுவாராக. திண்ணை விளக்கு அணையாதிருக்கட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!