சாவி கை மாறிய கதை

எங்கள் பக்கத்தில் முதல் ஆக்டிங் டிரைவர் மாடுதான். சந்தைக்குப் போன மனுஷன் கள்ளுக்கடையில் நன்றாக ஏற்றிக்கொண்டு வண்டியில் சாய்ந்துவிட்டால், கயிற்றைப் பிடிக்க ஆளில்லாமலே காளைகள் கட்டுத்தரை வரை கொண்டுவந்து சேர்த்துவிடும். மணிச் சத்தம் நின்ற இடத்தில் பெண்டாட்டி எழுந்து வருவாள். முதலில் மாட்டை அவிழ்ப்பாள், ஆளை அப்புறம்தான்.

காரும் லாரியும் வந்தன. வண்டிக்கு வழி மறந்துபோனது.

குடித்தவன் வீட்டுக்கு எப்படிப் போவான் என்ற கேள்வியே எழாமல் செய்ய முடியுமா என்பதையும் எங்கள் சேலம் மாவட்டம்தான் முதலில் பார்த்தது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925ல் காந்தி ஆசிரமம் தொடங்கி, மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' பத்திரிகை நடத்தியவர் ராஜாஜி. சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1ஆம் தேதி இந்த மாவட்டத்தில் கள்ளுக்கடைகளையும் சாராயக்கடைகளையும் மூடினார். நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது சேலத்துக்குள் அடக்கம். காவிரிக்கு இந்தக் கரையில் பள்ளிபாளையம், சட்டத்துக்குள்; அந்தக் கரையில் ஈரோடு, கோவை மாவட்டம், சட்டத்துக்கு வெளியே. பரிசல்காரர்கள் எத்தனை பேரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டிருப்பார்களோ! கலால் வருமானம் போன குழியை அடைக்க 1939ல் கொண்டுவந்த விற்பனை வரி நிலைத்துவிட்டது. மதுவிலக்கு நிலைக்கவில்லை. 1971ல் கடை திறந்து, 1974ல் மூடி, 1981ல் மறுபடி திறந்தார்கள். 1983ல் அரசின் மது நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறைக் கடையும் அதன் கைக்கே வந்தது.

இனி டிரைவர் கதை. 'ஆக்டிங்' என்றால் சினிமா நடிப்பு என்று நினைத்துச் சிரிக்கும் வெளியூர்க்காரர்கள் உண்டு. இது கலெக்டர் கச்சேரியில் இருந்து வந்த சொல். கலெக்டர் லீவில் போனால் அவர் நாற்காலியில் உட்காருபவர் ஆக்டிங் கலெக்டர். நாமக்கல்லில் அந்த நாற்காலி லாரி சீட்டாக மாறியது. பாடி கட்டும் பட்டறைகளும் டேங்கர் லாரிகளும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளும் நிறைந்த ஊர்ப்பக்கம் இது. நெடுந்தூர லைனுக்குப் போகிற டிரைவருக்குக் காய்ச்சல், மச்சினன் கல்யாணம், மாரியம்மன் பண்டிகை என்று ஏதாவது வந்தால், லோடு ஏற்றிய வண்டி நிற்க முடியாது. ஓனர் போன் போடுவார்: "ஒரு ட்ரிப்புக்கு ஆக்டிங் வர்றியா?" வண்டியும் அவனுடையதல்ல, வேலையும் அவனுடையதல்ல. படிக்காசு மட்டும் அவனுடையது.

பிறகு ஊரில் கார் பெருகியது. வாங்கியவருக்கு உள்ளூரில் ஓட்டத் தெரியும். திருப்பதிக்கோ மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கோ போகப் பயம். மாதச் சம்பளத்துக்கு டிரைவர் வைக்க வசதியில்லை. லாரியை விட்டு இறங்கியிருந்த ஆக்டிங் அப்படித்தான் கார் சீட்டில் ஏறினான். பகலில் கோயிலுக்குக் கூட்டிப்போனவனையே ராத்திரி ரிசப்ஷன் முடிந்து, மண்டபத்துப் பின்பக்கக் கச்சேரியும் முடிந்த பிறகு கூப்பிட ஆரம்பித்தார்கள். என் கணக்கில் குடித்தவரை வீடு சேர்க்கும் இந்தத் தொழில் பிறந்த இடம் அந்த மண்டப வாசல்தான்.

இதற்குச் சட்டமும் ஒரு கை கொடுத்தது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் போனால் குற்றம் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு சொல்கிறது. முதல் தடவைக்கு 2,000 ரூபாய் வரை இருந்த அபராதம், 2019 திருத்தத்தில் 10,000 ஆனது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கூடவே ஜெயிலும் கிடைக்கலாம். குடித்து ஓட்டி இடித்தால் சொந்தக் கார் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கை விரித்துவிடலாம். மனைவி பத்து வருஷம் சொல்லிக் கேட்காதவர்கள் பத்தாயிரத்துக்குக் கேட்டார்கள். கோவையில் 2024ல் மாநகரப் போலீஸ், குடித்தவர் தானே வண்டியை எடுக்காதபடி மாற்று ஏற்பாடு செய்யும் பொறுப்பை மது பார் நடத்துபவர்கள் தலையிலேயே வைத்தது.

ஓட்டுவது சுலபம், சாவியை வாங்குவதுதான் வேலை என்பார்கள் ஆக்டிங் டிரைவர்கள். "நான் நிதானமாத்தான்டா இருக்கேன்." "தெரியுதுங்ணா, சாவி மட்டும் குடுங்க." ஐந்து நிமிஷம் இது ஓடும். பாட்டுச் சத்தத்தைக் குறைப்பான், கண்ணாடியைத் திருப்புவான், சீட்டை முன்னால் இழுத்துப் போடுவான். மறுநாள் காலை முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும்போதுதான் காரின் சொந்தக்காரருக்கு ராத்திரி ஒருவன் வந்துபோனது ஞாபகம் வரும்.

எக்ஸ்எல் மொபெட்டில் வந்தவனுக்கு இந்த வசதி கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு டாஸ்மாக் கடை ஷட்டர் இறங்கும்போது வெளியே நிற்பதில் கார் எத்தனை, டூவீலர் எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்க்கலாம். அவனுக்கு வாய்த்தது, ஒருவன் முன்னால் ஓட்ட, ஒருவன் பின்னால் பிடித்துக்கொள்ள, நடுவில் சொருகி அனுப்பும் பழைய ஏற்பாடு. அந்த முன்னால் உட்கார்ந்தவனும் குடித்திருப்பான். தொழில் இன்னும் அவன் பக்கம் திரும்பவில்லை.

ஜப்பானில் 'டைகோ' என்று இதே தொழில் உண்டு. அங்கே இரண்டு பேராக வருவார்கள். ஒருவர் உங்கள் காரை ஓட்ட, மற்றவர் தங்கள் காரில் பின்னாலேயே வந்து, ஓட்டியவரை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடுவார். நம் ஆள் தனியாள். சாவியை வீட்டம்மாவிடம் கொடுத்து, படிக்காசை வாங்கிக்கொண்டு, நாய் குரைக்கிற தெருவைத் தாண்டி பைபாஸுக்கு நடப்பான். டவுன் பஸ் விடிந்துதான். சேலம் பக்கமிருந்து வருகிற லாரி விளக்குகளைப் பார்த்துக் கையைக் காட்டுவான். பெரும்பாலும் ஒன்று நின்றுவிடும். கேபினில் ஏறி, "எந்த லோடுங்ணா?" என்று கேட்கும் விதத்திலேயே ஓட்டுகிறவருக்குத் தெரிந்துவிடும், இவனும் லைனுக்குப் போனவன்தான் என்று.