வைசூரி ஒழிந்த வரலாறு

தாயில்பட்டியினின்றும் ஆடிதோறும் இருக்கன்குடிக்குச் செல்லும் நம்மவர், வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுமிடத்து மாரியம்மையைத் தொழுவது யாவரும் அறிந்ததே. வைசூரி என்னும் பெரியம்மையினின்றும் பிள்ளைகளைக் காத்தருளுக என்பதே நம் முன்னோர் அத்தாயிடம் செய்த வேண்டுதல்களுள் தலையாயது. அக்கொடுநோய் இன்று உலகில் யாண்டும் இல்லை. அஃது ஒழிந்த வரலாற்றை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

அந்நோய் கண்டோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மாண்டனர்; பிழைத்தோருட் பலர் முகம் தழும்பேறியும் சிலர் கண்ணிழந்தும் வாழ்ந்தனர். கண்டபின் தீர்க்கும் மருந்து அக்காலத்து இருந்ததில்லை. ஆங்கில மருத்துவர் ஜென்னர், கோவம்மைப் பாலை உடலிற் குத்தினால் பெரியம்மை பற்றாதென்று 1796இல் கண்டார். இந்நாட்டில் முதன்முதல் அம்மை குத்தப்பெற்றது 1802 ஜூன் 14இல், பம்பாயில், மூன்று வயதுப் பெண்குழந்தைக்காம். அவ்வாண்டிலேயே அம்முறை சென்னைக்கும் வந்தது.

தெய்வத்தின் வரவைத் தடுத்தல் பிழையென்று மக்கள் அஞ்சினர். திருக்குறளை ஆங்கிலத்தில் விளக்கிய எல்லிஸ் துரை, சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக ஒரு கதை புனைந்து, அம்மைப்பால் பசுவின் கொடையே என்று நம்மவர்க்கு உணர்த்த முயன்றார். பிற்காலத்தே சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையம் அம்மைப்பாலைப் பெருவாரியாகச் செய்தளித்தது. 1962இல் நம் அரசினர் தேசிய ஒழிப்புத் திட்டத்தையும் தொடங்கினர். ஆயினும் 1974இல் இந்தியாவில் 1,80,000 பேர்க்கு மேல் நோயுற்றனர்.

எல்லோர்க்கும் குத்துதல் மட்டும் போதாதென்பது அப்போது தெளிவாயிற்று. ஊழியர் வீடுவீடாகச் சென்று நோயாளியைத் தேடிக் கண்டு, தனியே இருத்தி, சூழ இருந்தோர் அனைவர்க்கும் அம்மை குத்தினர். நோயை அறிவிப்போர்க்குப் பரிசும் தரப்பட்டது. 1975இல் அது 1000 ரூபாயாக உயர்ந்தது. அவ்வாண்டு மே 24இல் அசாமின் கரீம்கஞ்சில் கண்டதே இந்தியாவின் கடைசி நோய். 1977இல் சோமாலியாவில் இயற்கையாய்ப் பரவிய கடைசி நோய் கண்டது. 1980 மே 8இல் உலக சுகாதார சபை, நோய் ஒழிந்ததென்று சாற்றியது.

இம்முறையின் பாதி நம் இல்லங்களிலேயே இருந்ததன்றோ? அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவர், அயலார் உட்புகார். நோயை மறையாது அறிவித்தலும் விலகியிருத்தலும் அவ்வழக்கத்தின் பயன். சூழ இருந்தோரைக் காக்கும் மற்றைப் பாதியை அம்மைப்பால் தந்தது. இரண்டும் கூடியபோதே நோய் மாய்ந்தது.

இன்றோ, சின்னம்மையோ தட்டம்மையோ கண்ட பிள்ளையை, தேர்வு தவறுமென்று மறைத்துப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரை யாம் காண்கின்றோம். தட்டம்மைத் தடுப்பூசியைக் காய்ச்சலுக்கு அஞ்சித் தள்ளிப்போடுவாரும் உளர். அன்னார் தம் வீட்டு மூத்தோர் கையிலுள்ள அம்மை குத்திய வடுவை ஒருமுறை நோக்குவாராக. அம்மையைத் தொழுவார் ஊசியை வெறுக்க வேண்டுவதில்லை. நம் சங்கத்துக் குடும்பங்களில் தடுப்பூசி பெறாத குழந்தை ஒன்றேனும் இல்லாதிருக்க நாம் முயல்வோமாக.