ஒரு குயவர் போட்ட கணக்கு



நம்ம எல்லாருக்கும் வரவு செலவு நோட்டு எழுதத் தெரியும். ஆனா ஒரு பாக்கெட்டுக்கு அடக்க விலை என்னன்னு கேட்டா முழிப்போம். நானும் முழிச்சவதான். தொழில் பயிற்சியில் கேட்ட ஒரு வரலாறுதான் என் கண்ணைத் திறந்தது.

இங்கிலாந்தில் பர்ஸ்லம் என்ற ஊரில் 1730-இல் குயவர் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசயா வெட்ஜ்வுட். சின்ன வயசில் அம்மை போட்டு கால் கெட்டுப்போச்சு. பிறகு அந்தக் காலையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் 1769-இல் எட்ரூரியா என்ற பெரிய தொழிற்கூடத்தைத் தொடங்கினார். அவர் செய்த பாத்திரம் ராணி சார்லட் வரை போனது.

1772-இல் ஐரோப்பா முழுக்கப் பணமுடை வந்தது. சரக்கு தேங்கியது. அப்போதுதான் ஒவ்வொரு பொருளுக்கும் ஆகும் செலவை எழுதிப் பார்த்தார். அச்சு செய்யும் செலவு, வாடகை மாதிரியானவை நிறைய செய்தாலும் கொஞ்சம் செய்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்று கண்டுபிடித்தார். ஒரே மாதிரிப் பொருளை நிறைய செய்தால் ஒன்றின் மேல் விழும் செலவு குறையும். அதனால் பணக்காரர்கள் வாங்கிய ஜாடிகளை விலை குறைத்து நடுத்தர மக்களுக்கும் விற்க நினைத்தார்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்க முறுக்குதான் ஞாபகம் வந்தது. வாடகையும் மெஷின் தவணையும் மாசம் 4,000 ரூபாய். 400 பாக்கெட் போடுவோம். ஆக ஒன்றுக்கு 10 ரூபாய். மாவு, எண்ணெய், கேஸ், கவர், கூலி 24 ரூபாய். மொத்தம் 34. விற்பது 40.

ஒரு கல்யாண வீட்டில் கூடுதலா 200 பாக்கெட் கேட்டார்கள், 30 ரூபாய்க்கு. "4 ரூபாய் நஷ்டம், வேண்டாம்" என்று சொன்னது நான்தான். அந்த வாரம் அறை பூட்டியே கிடந்தது. கூலியை நம்பியிருந்த அக்கா வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாங்க.

அந்த 200-க்காக வாடகை ஏறியிருக்காது. ஒன்றுக்கு 6 வீதம் 1,200 ரூபாய் வந்திருக்கும். அதுக்காக எல்லாருக்கும் 30-ன்னு கொடுத்தா 600 பாக்கெட் வித்தாலும் 400 ரூபாய் நஷ்டம். தீபாவளி மாதிரி கை ஓயாத நேரத்திலும் இந்த விலைக்கு ஒத்துக்கக் கூடாது.

இப்போ எங்க நோட்டில் இரண்டு பக்கம். ஒன்றில் நிலையான செலவு, இன்னொன்றில் பாக்கெட்டோடு ஏறும் செலவு. ஆர்டர் வந்தா வாயால் பதில் சொல்றதில்லை, நோட்டைப் பார்த்துத்தான் சொல்றோம். நீங்களும் அடுத்த கூட்டத்தில் உங்க பொருளுக்கு எழுதிப் பாருங்க.