எடுவார்டோ கூட்டின்யோ

எடுவார்டோ கூட்டின்யோ (1933–2014) பிரேசிலின் ஆவணப்பட இயக்குநர். சாவ் பாவுலோவில் பிறந்தார். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டார். சார்லி சாப்ளினைப் பற்றிய தொலைக்காட்சி வினாடி வினாவில் வென்ற பணம் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. பாரிஸில் திரைப்படம் பயின்று திரும்பினார்.

1962 ஏப்ரலில், வடகிழக்கு மாநிலமான பராய்பாவின் சாப்பே ஊரில் விவசாயிகள் சங்கத் தலைவர் ஜுவாவ் பெட்ரோ டெய்ஷெய்ரா, நிலக்கிழார்கள் ஏவிய ஆட்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதைக் கண்டித்து நடந்த கூட்டத்தைப் படம்பிடிக்கப் போன கூட்டின்யோ, பதினொரு பிள்ளைகளின் தாயான டெய்ஷெய்ராவின் மனைவி எலிசபெத்தைச் சந்தித்தார். இந்தக் கொலையைக் கதைப்படமாக்க முனைந்தார். எலிசபெத் தன் வேடத்தில் தானே நடித்தார். மற்ற வேடங்களில் விவசாயிகள். சாப்பேயில் கலவரம் மூண்டதால் படப்பிடிப்பு பெர்னம்புக்கோ மாநிலத்தின் கலிலேயா பண்ணைக்கு மாறியது. 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கருவிகள் பறிபோயின, படக்குழு சிதறியது, சிலர் கைதாயினர். படச்சுருளில் பெரும்பகுதி அதற்குள் ரியோ ஆய்வகத்துக்குப் போய்விட்டிருந்ததால் தப்பியது.

அதன்பின் திரைக்கதை எழுத்து, பத்திரிகை வேலை என்று காலம் ஓடியது. 1975 முதல் குளோபோ தொலைக்காட்சியின் செய்திப்பட நிகழ்ச்சியில் பணிபுரிந்தார். அங்கே எடுத்த ‘தியோடொரிக்கோ’வில் (1978) ஒரு பெருநிலக்கிழாரைத் தன் பண்ணையாட்களைத் தானே பேட்டி எடுக்க விட்டார். கேட்பவனின் அதிகாரம் வேறெந்த வர்ணனையும் இல்லாமலே அதில் வெளிப்பட்டுவிடுகிறது.

1981இல் பழைய சுருள்களோடு கலிலேயாவுக்குத் திரும்பி, நடித்தவர்களுக்கே அவற்றைத் திரையிட்டுக் காட்டினார். எலிசபெத்தோ வேறு பெயரில், ரியோ கிராண்டி டோ நோர்ட்டி மாநிலத்தின் ஒரு சிற்றூரில் ஒளிந்து வாழ்ந்தார். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் தவிர மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கமாய்ப் பிரிந்திருந்தனர். முதல் சந்திப்பில், மகன் எடுத்துக்கொடுக்க, அரசியல் மன்னிப்பு வழங்கிய குடியரசுத் தலைவருக்கு அவர் நன்றி சொல்கிறார். குழு வண்டியேறிப் புறப்படும் கடைசி நாளிலோ, அளந்து பேசிய அதே பெண், போராட்டம் ஓயவில்லை என்று மடை திறந்தாற்போல் கொட்டுகிறார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது நம் அதிர்ஷ்டம். இப்படிப் பழைய சுருள்களும் புதிய சந்திப்புகளும் சேர்ந்து 1984இல் வெளிவந்த ‘கப்ரா மார்காடோ பாரா மொரேர்’, ‘சாகக் குறிக்கப்பட்டவன்’, பிரேசில் ஆவணப்படங்களில் முதலிடத்தில் வைத்துப் பேசப்படுகிறது.

அடுத்த பெரிய கட்டம் ‘சாண்டோ ஃபோர்ட்டி’யில் (1999) தொடங்கியது. ஓர் இடம், சில மனிதர்கள், நாற்காலி, உரையாடல். இவையே அவருக்குப் போதுமாயின. ‘எடிஃபீசியோ மாஸ்டர்’ (2002) ரியோவின் கோப்பகபானாவில் 276 வீடுகள் கொண்ட ஒரே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நடக்கிறது; குழு அங்கேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. ‘ஜோகோ டி சேனா’வில் (2007), நாளிதழ் விளம்பரம் பார்த்து வந்த பெண்கள் சொன்ன சொந்தக் கதைகளையே நடிகைகளும் சொல்கிறார்கள். எது யாருடைய கதை என்று பார்ப்பவர் தடுமாறுவதுதான் படம்.

2014 பிப்ரவரி 2 அன்று ரியோவில், மனநோய்க்கு ஆளாகியிருந்த மகனால் கொல்லப்பட்டார். பள்ளி மாணவர்களோடு அவர் நடத்திய உரையாடல்களைத் படத்தொகுப்பாளர் ஜோர்டானா பெர்க்கும் இயக்குநர் ஜுவாவ் மொரெய்ரா சாலஸும் முடித்து, 2015இல் ‘உல்ட்டிமாஸ் கொன்வேர்சாஸ்’ என வெளியிட்டனர். அதன் தொடக்கத்தில் கூட்டின்யோவே கேமரா முன் உட்கார்ந்து, இந்தப் படம் தேறாது என்று சலித்துக்கொள்கிறார்.